சீட்டு உங்ககிட்ட இருக்குதுங், சாவி ஆருகிட்ட?

ஏனுங் மாப்பிள்ளை, கையிலிருந்த ஈத்தரையெல்லாம் ஒரு சைடுசெயின்ல கொண்டுபோய் எறக்கிப்போட்டீங்கன்னு பேத்தி சொன்னா. நெம்ப சந்தோசமுங். எத்தேரியம்ங்கற மெயின் செயின்ல ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் தீட்டறான், அங்க சல்லிக்காசுல சோலி முடியுதுன்னீங்களாமா. அது மெய்தானுங், நான் மறுக்கல. படிச்ச மனுசன் ரெண்டு ரூவா கட்டணத்தை மிச்சம் பண்றதுக்கு மொத்த முதலையும் முகந்தெரியாத நாலு பேரு கையில குடுத்திருக்கறாருன்னா, அதுல ஏதோ பெரிய கணக்கு இருக்கோணும். அது இந்தக் கெழவனுக்கு வெளங்கல, அதான் கேக்கறேன்.

இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறீங்களாக்கும். கண்ணு ஆப்பரேசன் பண்ணதுலயிருந்து பேத்திதான் எல்லாம் படிச்சுக் காட்டறா. மாப்பிள்ளை எதுல காசு போடறாரோ அதைப் பத்திப் படி கண்ணுன்னேன். படிச்சா. எனக்குத் தூக்கம் போச்சு. நீங்க தூங்குங்க, சின்ன வயசு.

"இது எத்தேரியத்தோட இணைஞ்ச செயின், பயமே இல்லை"ன்னு அவகிட்டச் சொன்னீங்களாமா. அங்கதானுங் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடகுக்கடையில நகையை வெச்சாச் சீட்டுக் குடுப்பானல்லங், அதேதான் இது. உங்க ஈத்தர் எத்தேரியத்துல ஒரு பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்குது. அதுக்கு ஈடா சைடுசெயின்ல ஒரு டோக்கன் குடுத்திருக்கறான். அந்தச் சீட்டை வெச்சு நீங்க அங்க வாங்கலாம், விக்கலாம், விளையாடலாம். திரும்பி வர்றப்ப சீட்டை அழிச்சுப்போட்டு ஈத்தரை எடுத்துக்கோணும். ஆனா அக்கட்ட சீட்டு அழிஞ்சுதா இல்லையான்னு எத்தேரியத்துக்குத் தானாத் தெரியாதுங். ரெண்டு செயினுக்கும் நடுவால இருக்கற பாலத்துக்குக் காவலா இருக்கற வேலிடேட்டருங்க கையெழுத்துப் போட்டாத் தெறந்து விட்டுரும். அப்ப உங்க முதலுக்குக் காவல் எத்தேரியத்தோட பலமா, அந்தக் கையெழுத்துக்காரங்களா?

ரோனின் கதையைப் படிச்சிருப்பீங்க. படிக்கலைன்னாலும் படிச்சேன்னுதான் சொல்லுவீங்க, அதனால நானே சொல்லிப்போடறேன். வியட்நாம்ல ஸ்கை மேவிஸ்னு ஒரு கம்பெனி. ஆக்சி இன்ஃபினிட்டின்னு குட்டிக் குட்டிப் பிராணிங்களைச் சண்டைக்கு விடற விளையாட்டுக்காக எத்தேரியத்துக்குப் பக்கத்துல ரோனின்னு ஒரு சைடுசெயின் போட்டாங்க. கொரோனாக் காலத்துல பிலிப்பைன்ஸ்ல வேலையில்லாம கெடந்த சனம் இதை விளையாடித்தான் அரிசி பருப்பு வாங்குச்சாமா. காவலுக்கு 9 வேலிடேட்டர், அதுல 5 கையெழுத்து விழுந்தாப் பெட்டி தெறக்கும். 9 பேருன்னதும் நானும் பரவால்லையேன்னுதான் நெனச்சேன். பேத்தி அடுத்த வரியைப் படிச்சா. அந்த 9-ல 4 சாவி அந்த ஒரே கம்பெனி கையில!

அந்தக் கம்பெனிப் பொறியாளர் ஒருத்தருக்குப் பெரிய சம்பளத்துல வேலை தர்றோம்னு ஆளு வந்தான். நேர்காணல் ஒண்ணுக்கு ரெண்டா நடந்துச்சு. கடைசியில நியமனக் கடுதாசின்னு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. அவரு ஆசையாத் தெறந்தாரு, உள்ளாற உளவு மென்பொருள். அப்பிடித்தான் பின்னால செய்தி வெளிய வந்துச்சு. நாலு சாவி போச்சு.

அஞ்சாவதுதானுங் வேடிக்கை. 2021 நவம்பர்ல கூட்டம் தாங்கமாட்டாம, கட்டணமில்லாப் பரிமாற்றங்களைச் சமாளிக்க, ஆக்சி டிஏஓங்கற அமைப்பு தன்ற பேர்ல கையெழுத்துப் போட்டுக்கன்னு கம்பெனிக்கு அனுமதி குடுத்துச்சு. டிசம்பர்ல அந்த ஏற்பாடு முடிஞ்சும்போச்சு. ஏற்பாட்டை முடிச்சவங்க அனுமதியை ரத்துப் பண்ண மறந்துட்டாங்க. திருடன் வந்து பாத்தான், கதவு சாத்தாமக் கெடந்துச்சு, உள்ளாற பூந்தான். அஞ்சு ஆயிப்போச்சு. அவசரத்துக்குக் குடுத்த உரிமையை வேலை முடிஞ்ச அன்னைக்கே திருப்பி வாங்காத மனுசன் உலகம்பூரா இருப்பானாட்ட. இது கம்ப்யூட்டர்க் குத்தமில்லீங், சோம்பேறிக் குத்தம்.

2022 மார்ச் 23. ரெண்டே பரிமாற்றம். 1,73,600 ஈத்தரும் 2.55 கோடி யுஎஸ்டிசிங்கற டாலர் டோக்கனும் கெளம்பிப்போச்சு. வெளிய தெரிஞ்ச அன்னைக்கு விலையில 60 கோடி டாலருக்கு மேல. இதுல எத்தேரியம் என்ன தப்புப் பண்ணுச்சு? ஒண்ணுமில்லீங். கையெழுத்தைச் சரிபாத்துச்சு, அஞ்சும் அசல், திருடனுக்கு மரியாதையா எடுத்துக் குடுத்துச்சு. நீங்க நம்பியிருக்கற மெயின் செயின் பலம் அன்னைக்குத் திருடனுக்குத்தான் ஒத்தாசை. திருப்பிக்கேக்க வழியே இல்லாம முத்திரை குத்திக் குடுத்துருச்சு.

பெட்டி காலியானது எப்பத் தெரிஞ்சுதுங்கறீங்க? ஆறு நாள் கழிச்சு. ஒருத்தர் 5,000 ஈத்தர் எடுக்கப் போயிருக்கறாரு, வரல. அப்பறந்தான் உள்ளாற எட்டிப் பாத்திருக்கறாங்க. அந்த ஆறு நாளும் ரோனின்ல சீட்டு எப்பவும்போலக் கைமாறிட்டுத்தான் இருந்துச்சு. ஈடு இல்லாத சீட்டுன்னு அதும்மேல எழுதியா இருக்கும்?

ஏப்ரல்ல அமெரிக்க எஃப்பிஐ, இது வடகொரியாக்காரன், லாசரஸ் குழு வேலைன்னு சொல்லிப்போட்டான். கவனிங்க மாப்பிள்ளை, உங்க சைடுசெயினுக்கு எதிரே நிக்கறது சந்துக்குள்ள பிளேடு போடற பையனில்லை, ஒரு அரசாங்கமே ஆளு வெச்சுத் திருடுது. கம்பெனி 15 கோடி டாலர் திரட்டி, ஜூன் கடைசியில பாலத்தைத் தெறந்து விளையாட்டுக்காரங்க ஈத்தரைத் திருப்பிக் குடுத்துச்சு, அது மனுசத்தனம். ஆனா அந்த மூணு மாசத்துல ஈத்தர் விலை பாதிக்கும் கீழ போயிருச்சு. எண்ணிப்பாத்தா அத்தனையும் இருந்துச்சு, வித்துப்பாத்தா இல்லை.

அதே ஜூன்ல ஹார்மனின்னு இன்னொரு செயினோட ஹொரைசன் பாலம். அங்க 5-க்கு 2 கையெழுத்தே போதுமாம். சிக்கனம் பாருங்க! 10 கோடி டாலர் போச்சு.

இதை மொதல்ல யோசிச்சவங்க முட்டாளுங்க இல்லீங். 2014 அக்டோபர்ல ஆடம் பேக், கிரெகரி மேக்ஸ்வெல், பீட்டர் வுயில்லன்னு ஒம்போது பேரு சேந்து பிட்காயினுக்கு சைடுசெயின் எப்பிடிப் போடறதுன்னு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அதுல, காசு அக்கட்டயிருந்து இக்கட்ட வர்றப்ப ஒண்ணு ரெண்டு நாள் காத்திருக்கோணும், அதுக்குப் பொறவு ஆட்சேபணை சொல்ல இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் விடோணும்னு எழுதியிருக்கறாங்க. ஏன்னு கேளுங்க. மெயின் செயின்ல நீங்க பூட்டினதா நெனச்ச பரிமாற்றமே பின்னால அழிஞ்சுபோவலாம். 2020 ஆகஸ்ட்ல எத்தேரியம் கிளாசிக்ல கணக்குப் போடற பலத்துல பாதிக்கு மேல ஒருத்தன் சேத்துக்கிட்டு, ஆயிரக்கணக்கான பிளாக்கைத் திருத்தி எழுதிப்போட்டான். அந்த மாதிரி நேரத்துல பாலம் அவசரப்பட்டிருந்தா இங்க ஈடு இருக்காது, அங்க டோக்கன் இருக்கும். காத்திருக்கறது அதுக்குத்தான். உங்களுக்குத்தான் அஞ்சு நிமிசம் சுத்தினாலே போனைத் தட்டற பழக்கமாச்சே.

அவங்க நெனச்ச மாதிரி, ஆரையும் நம்பாம கணக்கை மட்டும் நம்பற பாலத்துக்குப் பிட்காயின்ல மாத்தம் பண்ணோணும், அது நடக்கல. அதனால கட்டுரைக் கடைசியில தற்காலிகமா வெச்சிருந்த யோசனையே நெலைச்சுப்போச்சு. ஒரு கூட்டமைப்பு கையெழுத்துப் போடறது. லிக்விட்டுங்கற பிட்காயின் சைடுசெயின்ல 15 பேருக்கு 11 கையெழுத்து வேணும். ரோனினோட பாத்தா இது எவ்வளவோ தேவலைங். அதுலயும் 2020-ல ஒரு கூத்து. எல்லாரும் சாவியைத் தொலைச்சாத்தான்னு ஒதுக்கி வெச்சிருந்த அவசரச் சாவி மூணு. காலக்கெடுவை நேரத்துக்குப் புதுப்பிக்காம விட்டதுல, அந்த மூணுல ரெண்டு இருந்தாலே 870 பிட்காயினை எடுத்துரலாங்கற நெலமை கொஞ்ச நேரம் இருந்துச்சு. ஆரும் எடுக்கல. நல்ல மனுசங்க. ஆனா நல்ல மனுசங்களை நம்பறதா இருந்தா எதுக்குங் பிளாக்செயின், உங்க மாமனாருகிட்டக் குடுத்து வெச்சிருக்கலாமே?

சாவியெல்லாம் பத்திரமா இருந்தாலும் பூட்டைச் செஞ்சவன் கோட்டை விட்டாத் தீந்துது. 2022-ல நோமாட் பாலத்துல வழக்கமான ஒரு மேம்படுத்தல் பண்ணினாங்க. அதுல சைபரையே சரிபாத்த முத்திரையா ஏத்துக்கறாப்பல ஆயிப்போச்சு. ஆகஸ்ட்ல மொத ஆளு எடுத்தான். அவன் பரிமாற்றத்தை அப்பிடியே நகலெடுத்து, முகவரியை மட்டும் மாத்தி நூத்துக்கணக்குல ஆளுங்க எடுத்தாங்க, 19 கோடி டாலர். திருட மூளை வேண்டியதில்லை, நகலெடுக்கத் தெரிஞ்சாப் போதும். 2024 ஆகஸ்ட்ல மறுபடியும் நம்ம ரோனின்! இந்தத் தடவையும் மேம்படுத்தல்தான், தேவையான வாக்கு அளவே சைபர்னு ஆயிப்போச்சு. 1.2 கோடி டாலர் வெளிய வந்துச்சு. எடுத்தவங்க நல்லவங்க, திருப்பிக் குடுத்து 5 லட்சம் டாலர் சன்மானம் வாங்கிக்கிட்டாங்க. எனக்கென்னமோ இந்த மேம்படுத்தல்ங்கற சொல்லைக் கேட்டாலே மடியைத் தடவிப் பாக்கத் தோணுதுங்.

அதனால உங்ககிட்டக் கேக்கறேன். உங்க சைடுசெயின்ல எத்தனை கையெழுத்து? அந்தக் கையெழுத்துக்காரங்க வேற வேற ஆளுங்களா, ஒரே கம்பெனிக்காரங்க வேற வேற சொக்காய் போட்டு நிக்கறாங்களா? பாலத்தோட நிரலை ஆரு மாத்தலாம், மாத்தறதுக்கு முன்னால நாள் கெடு உண்டா? ஒரே நாள்ல பெருந்தொகை கெளம்பினாத் தடுக்க வரம்பு இருக்குதா? பெட்டியில எவ்வளவு, சீட்டு எவ்வளவுன்னு தெனமும் ஆராச்சும் ஒத்துப்பாக்கறாங்களா, இல்லை 5,000 ஈத்தர்க்காரர் வர்ற வரைக்கும் காத்திருக்கறாங்களா? என்னது, வெள்ளையறிக்கையில இருக்குதுங்களா? படிச்சீங்களா? சரி விடுங்க, பேத்தி படிக்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு சின்னத் தொகையைத் திருப்பி எடுத்துப் பாருங்க. வந்தா மிச்சத்தையும் எடுத்துப்போடுங்க, விளையாட வேணுங்கற அளவு மட்டும் அங்க கெடக்கட்டும். பெட்டியில ஓட்டை விழுந்திருந்தா மொதல்ல போறவனுக்குத்தான் கெடைக்கும், கடைசியில போறவன் கையில வெறுஞ்சீட்டுதான். உங்க அண்ணாரும் அதுலதான் போட்டிருக்கறாராமே? அவருக்கும் சொல்லிருங்க. நீங்க எடுத்து முடிச்சப்புறம்.