ஐந்து துறைமுகப் பேச்சு

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்குச் சுமார் 8,900 கோடி ரூபாய் ஆனது. 2025 மே 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். 2023 முதல் ஐந்தாண்டுக்கு ஐ.பி.எல். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையோ 48,390 கோடி. ஐந்து துறைமுகம் கட்டி, மிச்சத்தில் படகும் வாங்கலாம்.

அந்த விலை நியாயம்தானே! பந்து கோட்டைத் தாண்டியதை நாம் பார்த்தபிறகு, "தாண்டிவிட்டது" என்று உறுதிசெய்ய ஆள் வேண்டாமா? வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே வேதிப் பொறியியலும் அகமதாபாத் ஐ.ஐ.எம். படிப்பும் முடித்தவர்; சும்மாவா?

விழிஞ்ஞத்து மீன் ஏலக்காரரையும் இந்த வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன். எதிரில் கிடக்கும் மீனைப் பற்றி எதிரில் நிற்பவரிடமே மூச்சுவிடாமல் சொல்கிறார். தொண்டை உண்டு, வேகம் உண்டு.

ஒரே குறை: இரண்டு நிமிடத்தில் மீன் விற்றுப்போய்விடுகிறது. நடுவில் பான்மசாலா விளம்பரத்தை எங்கே போடுவது?