பெரியப்பா பதில்கள்: ஒரே பெஞ்சு, நாலு பாஷை

பள்ளிக்கூடம் திறந்தாலும் திறந்தது, தபால் பை பூராவும் பள்ளிக்கூடக் கேள்விதான். இந்த வாரம் கரிசல்காட்டு வாசகர்களுக்கே முன்னுரிமை. மற்ற ஊர்க்காரர்கள் கோபப்பட்டால் அடுத்த வாரம் படவும்.

'பன்முகப் பண்பாட்டுக் கல்வி' என்று ஒரு பயிற்சிக்குப் போகச் சொல்கிறார்கள். அதில் என்ன இருக்கும், பெரியப்பா?
– ஓர் ஆசிரியை, பாலையம்பட்டி

போகிறதுக்கு முன்னால் உங்கள் வகுப்பிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டில் சண்டை வந்தால் எந்த பாஷையில் திட்டுவார்கள்?" தேவாங்கர் வீட்டுப் பிள்ளை கன்னடம் என்னும். நாயக்கர் வீட்டுப் பிள்ளை தெலுங்கு என்னும். மில் குடியிருப்புப் பிள்ளை இந்தி என்னும். பயிற்சி முடிந்தது. பயணப்படியை மட்டும் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

மும்மொழித் திட்டம் நமக்கு வேண்டுமா, வேண்டாமா?
– ஒரு நெசவாளர், அருப்புக்கோட்டை

1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை. ஆனால் உங்கள் தெருவில் பாட்டியிடம் கன்னடம், பலசரக்குக் கடையில் தமிழ், ஸ்கூல் வேனில் இங்கிலீஷ். மூன்றாவதாக இருக்கும் அந்தக் கன்னடத்தை எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை. அதனால் யாராலும் பிடுங்கவும் முடியாது.

தாய்மொழியில் ஆரம்பக் கல்வி பெற, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் வழி உண்டா?
– ஒரு வழக்கறிஞர், அருப்புக்கோட்டை

வக்கீலே என்னிடம் சட்டம் கேட்கிறார், ஃபீஸ் அனுப்பவும். அரசியல் சட்டம் பிரிவு 350-ஏ. 1956-இல் ஏழாவது திருத்தத்தில் வந்தது. மாநிலங்கள் அதற்கான வசதியைச் செய்துதர முயல வேண்டும் என்கிறது. அன்றிலிருந்து முயன்றுகொண்டே இருக்கிறார்கள். விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் தெலுங்கு. பள்ளியில் தமிழ் கட்டாயம் என்கிறார்கள். பையன் தேறுவானா?
– ஒரு விவசாயி, ரெட்டியபட்டி

2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. உங்கள் கவலைக்கு மருந்து இடைசெவலில் இருக்கிறது. தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த கி. ராஜநாராயணன்தான் கரிசல் வட்டாரத் தமிழுக்கு அகராதி தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்க'ளுக்காக 1991-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக்கியது. கு. அழகிரிசாமியும் அதே ஊர், வீட்டில் அதே தெலுங்கு. பயப்பட வேண்டியது உங்கள் பையன் இல்லை, தமிழ் வாத்தியார்.

ரமண மகரிஷி எங்கள் ஊர். அவர் எந்தப் பள்ளியில் படித்தார்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருச்சுழி

1879-இல் பிறந்தவர். முதலில் உன் ஊர், பிறகு திண்டுக்கல், அப்புறம் மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியும். திருமேனிநாதர் கோயில் பக்கத்து வீட்டு ஐயர் பையன் பாதிரியார் பள்ளியில் படித்தார். பெஞ்சும் தீட்டுப்படவில்லை, பையனும் மதம் மாறவில்லை. பின்னாளில் தமிழ், சம்ஸ்கிருதம், தெலுங்கு, மலையாளம் நாலிலும் பாட்டு எழுதினார்.

பிறகு ஏன் பள்ளியை விட்டுப் போனார்?
– அதே மாணவி

விடமாட்டாயே! 1896 ஆகஸ்டில் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதச் சொல்லி இம்போசிஷன். இரண்டு முறை எழுதியவர் மூன்றாவதை எழுதாமல் மூடி வைத்தார். அண்ணனின் காலேஜ் சம்பளப் பணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறினார். இம்போசிஷன் கொடுக்கும் ஆசிரியர்கள் கவனிக்க: கொஞ்சம் கூடிப்போனால் பையன் மகரிஷி ஆகிவிடுவான்.

மத நல்லிணக்கத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காரியாபட்டி

நீங்கள் புரியவைக்க என்ன இருக்கிறது? விடுமுறைப் பட்டியலை ஒட்டுங்கள். பொங்கல், ரம்ஜான், புனித வெள்ளி, மகாவீர் ஜெயந்தி, தெலுங்கு வருஷப் பிறப்பு எல்லாம் அதில் உண்டு. எல்லாச் சாமியும் பிள்ளைகளுக்கு இஷ்டம்தான். ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுகிற சாமியை மட்டும் மன்னிக்கமாட்டார்கள்.

சாதிப் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர், விருதுநகர்

பெயர் வேண்டாம் என்பவர் பெயரைப் பற்றிக் கேட்கிறார்! விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா 1889-இல் வந்தது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வளர்த்த பள்ளி. நாடார்கள் கமுதிக் கோயிலுக்குள் போக உரிமை கேட்டு பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்றவர்கள். தங்களுக்குக் கோயில் கதவு சாத்தியிருந்த காலத்தில் தங்கள் பள்ளிக் கதவை மற்றவர்களுக்கும் திறந்து வைத்தார்கள். காமராஜர் அங்கே படித்தவர். இன்றைக்குப் பலகையில் சாதி வேண்டாம் என்கிறது அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு. எடுத்துவிடலாம். கதவைத் திறந்தே வைத்திருந்தால் சரி.

என் மகன் கையில் கலர் கயிறு கட்டுகிறான். கேட்டால் ஃபேஷன் என்கிறான்.
– கவலைப்படும் தாய், நரிக்குடி

2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு போட்ட குழுதான் சந்துரு குழு. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் வேண்டாம் என்று 2024 ஜூனில் சொன்னது. நீங்கள் அறிக்கை படிக்க வேண்டாம், தாயி. நாளைக்கு வேற கலர் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கட்டினால் ஃபேஷன். மாட்டேன் என்றால் உட்கார வைத்துப் பேசுங்கள், இன்றைக்கே.

சத்துணவால் சாதி ஒழிந்ததா?
– கல்லூரி மாணவர், அருப்புக்கோட்டை

பசி குறைந்தது. காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது நமக்குப் பக்கத்து எட்டயபுரத்தில். 2023-இல் அதே எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவு வேண்டாம் என்று சிலர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். கனிமொழி எம்.பி. வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். ஆக, பிள்ளைக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. அஜீரணம் பெரியவர்களுக்கு.

பிகார் தொழிலாளியின் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை. என்ன செய்ய?
– தொடக்கப் பள்ளி ஆசிரியர், பந்தல்குடி

சேருங்கள். வயதுச் சான்று இல்லையென்று தட்டிக்கழிக்கக் கூடாது, டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் போட வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பஞ்சத்தில் நம்மாட்கள் பர்மாவுக்கும் சிலோனுக்கும் போனபோது எந்தப் பிள்ளை டி.சி. கொண்டுபோனது?

அந்தப் பிள்ளையின் தமிழைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கிறார்களே?
– அவரே

கபடி ஆட்டத்துக்கு அவனை அம்பயராக்குங்கள். ஸ்கோர் இந்தியில்தான் சொல்லுவான் என்று அறிவியுங்கள். பத்து வரை எண்ண எல்லாரும் ஒரே சாயங்காலத்தில் படித்துவிடுவார்கள்.

சௌராஷ்டிர மொழிக்கு எழுத்து உண்டா?
– ஒரு பட்டு வியாபாரி, பரமக்குடி

உண்டு. 2008-இல் யூனிகோடிலேயே ஏறிவிட்டது. தமிழை இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று நாம் கைகாட்டும் டி.எம். சௌந்தரராஜனும் உங்கள் ஆள்தான். இனி அந்த பாஷை ஏற வேண்டியது உங்கள் பேரன் வாயில். அதற்கு யூனிகோடு போதாது, தாத்தா வேண்டும்.

மலேசியாவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு ஆபத்து என்றால் இங்கே கொதிக்கிறோம். சரிதானே?
– ஒரு தமிழ் ஆர்வலர், சாத்தூர்

சரிதான். பினாங்கில் 1816-இல் ஒரு வகுப்பாகத் தொடங்கி, இன்று ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள். கொதியுங்கள். அதே சூட்டோடு, நம்மூர்க் கன்னட, தெலுங்குப் பிள்ளைகளின் மொழிக்கு நாம் என்ன செய்தோம் என்றும் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே ஆறிவிடும்.

கனடாவில் 1971-லேயே பன்முகப் பண்பாட்டுக்குக் கொள்கை வகுத்துவிட்டார்கள். நாம்?
– டொரண்டோவில் மகன் இருப்பவர், மல்லாங்கிணறு

மகனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர்களிடம் கொள்கை, நம்மிடம் பழக்கம். கொள்கையை மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம். பழக்கத்தை மீறினால், "அனுசரிச்சுப் போப்பா" என்று பாதிக்கப்பட்டவனுக்கே புத்தி சொல்வோம். ஆகவே கொள்கையும் வேண்டும்.

நல்ல பள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– இளம் தம்பதி, அருப்புக்கோட்டை

தலைமையாசிரியர் அறையில் ஷீல்டு எண்ணாதீர்கள். மதியம் போய், யார் பக்கத்தில் யார் தட்டு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போங்கள். உட்கார்ந்த இடம் கொஞ்சமும் மாறவில்லையென்றால், அப்படியே ஆபீஸ் ரூமுக்கு நடந்து டி.சி. கேளுங்கள்.