விதி எண் 115 அவர்களின் மேலான சமூகத்துக்கு

அனுப்புநர்:
டெல்லியிலிருந்து டீசல் காரோடு ஊர் திரும்பிய ஒருவன்,
குருவிகுளம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு விதி 115 அவர்கள்,
மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989.

பொருள்: என் வண்டி மாநிலம் மாறியது – புகைச் சான்று பெற்றது – மனசு உறுத்துவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய விதி அவர்களுக்கு,

எங்கள் பக்கம் விதி என்றால் இரண்டு. ஒன்று தலையில் எழுதியது, இன்னொன்று கெஜட்டில் எழுதியது. முதலாவதை மதியால் வெல்லலாம் என்பார்கள். இரண்டாவதாகிய தங்களை வெல்ல எனக்கு மதி தேவைப்படவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் துண்டு போதுமானதாக இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் இந்தப் பக்கம் வந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல்காடு. பருத்தி, உளுந்து, இப்போது எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். மிச்ச இடத்தில் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது ஒரு தொழில். ஆகவே புகை எங்களுக்குப் புதிதல்ல. மூட்டப் புகை, சூளைப் புகை, கொசுவுக்குப் போடும் வேப்பிலைப் புகை என்று நின்ற இடத்திலிருந்தே மோந்து பார்த்துப் பேர் சொல்லுவார்கள். பேர் தெரியாத ஒரு புகையை நான்தான் 2,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்து ஊரில் இறக்கினேன்.

வண்டி 2014-ல் டெல்லியில் வாங்கிய டீசல் கார். பத்து வயது முடிந்த டீசல் வண்டி தலைநகரில் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் தங்களுக்குத் தெரியும். பத்தாவது பிறந்தநாள் நெருங்க நெருங்க, வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருப்பவர் மாதிரி நான் தூக்கமில்லாமல் திரிந்தேன். உடைப்பதா, விற்பதா? அப்போதுதான் ஒரு புரோக்கர் கண்ணைத் திறந்துவைத்தார். தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனால், அதே வண்டி அங்கே இன்னும் ஐந்து வருடம் ராஜா மாதிரி ஓடலாமாம். 2029 வரை பதிவு செல்லும், அதற்குப் பிறகும் தகுதி காட்டினால் புதுப்பிக்கலாம்.

டெல்லியில் நஞ்சு, தென்காசியில் சொத்து. இதன் விஞ்ஞானம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நர்மதைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஒரு முழுக்குப் போட்டிருந்தால் சாஸ்திரப்படியாவது சரியாக இருந்திருக்கும். நான் ஊர் வந்து சேர்ந்த அடுத்த வருடம், 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் வைத்து டெல்லியின் பழைய வண்டிக்காரர்கள்மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேல்முறையீடு கிடையாது.

காகித வேலையை நீட்டிச் சொல்லவில்லை. தடையில்லாச் சான்று பற்றிய, மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுக்குப் படிவம் 28. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்னும் 47-ஆம் பிரிவுக்குப் படிவம் 27. வண்டி திருட்டு வண்டி அல்ல என்பதற்கு ஒரு தாள். அங்கே கட்டிய வரி அங்கே நிற்க, இங்கே மறுபடி வரி. எல்லாம் முடிந்து ஒரு நாள் வண்டியை ஆய்வுக்குக் காட்டினேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் ஊரில் இன்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்லுவோம். அவர் நிஜமாகவே கறாரான மனிதர். சேஸிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். முன்பக்கம் மாட்டியிருந்த இரும்புக் கம்பியைப் பார்த்து, "இதைக் கழத்திட்டு வாங்க, 2017 டிசம்பர்லயே கூடாதுன்னு சொல்லியாச்சு" என்றார். ஆர்.சி.யில் வெள்ளை, கூரையில் மட்டும் கறுப்பு ஸ்டிக்கர் ஏன் என்றார். உரித்துவிடுகிறேன் என்றேன். சைலன்சரைக் குனிந்து பார்த்தார். அது கம்பெனி சைலன்சர்தான். என் வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த பாவம் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாததை இப்போது நானே ஒப்புக்கொள்கிறேன்.

டீசல் என்ஜினில் ஈ.ஜி.ஆர். என்று ஒரு வால்வு உண்டு. வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளேயே அனுப்பும் வேலை அதற்கு. கொதிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவுவது மாதிரி, எரிகிற சூட்டை அது தணிக்கிறது. சூடு தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். நுரையீரலை அரிப்பதும், வெயிலோடு சேர்ந்து ஓசோனை உண்டாக்கி மூச்சைப் பிடிப்பதும் அந்த வாயுக்கள்தான். பிரச்சினை என்னவென்றால், புகை போய்வரும் வழியாதலால் அந்த வால்வில் நாளடைவில் கரி பிடிக்கும். டெல்லியில் என் வண்டியில் அப்படித்தான் பிடித்து, மூடாமல் நின்றுவிட்டது. புது வால்வின் விலையைச் சொன்ன மெக்கானிக், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு தகரத்தை வெட்டி அந்த வழியையே அடைத்தார். வண்டி பறந்தது. மைலேஜும் ஏறியது மாதிரி ஒரு பிரமை. அன்றிலிருந்து என் வண்டி, சட்டத்தின் பாஷையில், மாற்றியமைக்கப்பட்ட வண்டி.

இந்த வண்டியைத்தான் தங்கள் பெயரால் நடக்கும் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். அந்த மையத்தின் பெயரும் வேண்டாம். போன் செய்தபோது அங்கிருந்த தம்பி வருத்தத்தோடு சொன்னான்: "முன்னாடின்னா ஆர்.சி. போட்டோவ வாட்ஸ்அப்புல போட்டுவிட்டாப் போதும் அண்ணாச்சி. இப்ப வண்டிய நிறுத்தி வீடியோ எடுத்து ஏத்தணும்ங்காக. கொண்டாந்துருங்க." டெல்லியில் எடுத்த சான்று இன்னும் இரண்டு மாதம் செல்லுமே, 2021-லிருந்து நாடு முழுக்க ஒரே மாதிரிச் சான்றுதானே என்று கேட்டேன். "செல்லும் அண்ணாச்சி. ஆனா டெல்லிப் புகைன்னு பாத்தா யாருக்கும் ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

குழாயை வண்டியின் வாலில் செருகினான். ஆக்சிலரேட்டரை ஒரே மிதி, விடு, மறுபடி மிதி. என் வண்டி மாதிரி பி.எஸ். 4 தர டீசலுக்குப் புகைக் கறுப்பின் எல்லை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. என் வண்டி காட்டியது 14. தம்பி திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "பத்து வருச வண்டின்னு யாரும் சொல்ல முடியாது" என்றான். நானும் பெருமையாகத்தான் சிரித்தேன். வழியெல்லாம் அந்த 14-ஐ நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது. சான்று கிடைத்தது தகடு இருந்தும் அல்ல, தகடு இருந்ததால்.

ஐயா, தாங்கள் டீசல் வண்டியில் கேட்பது ஒன்றே ஒன்று: புகை எவ்வளவு கறுப்பு? நைட்ரஜன் ஆக்சைடு பற்றி அந்தக் குழாய் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அடைபட்ட வால்வு கரியைக் குறைத்து, கண்ணுக்குப் படாத நஞ்சைக் கூட்டுகிறது. குறைந்ததைத் தாங்கள் அளந்தீர்கள். கூடியதை எங்கள் ஊர்க் காற்றுக்கு விட்டுவிட்டீர்கள். 2015-ல் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் அகப்பட்ட கதை தங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடும் ஒரு மென்பொருளை எழுதி, உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில் வைத்திருந்தார்கள். ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அளவுக்கு மீறி 40 மடங்கு வரை போனதாகக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். அந்த என்ஜினியர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. எங்கள் புகைச் சோதனை மையத்தில் ஜெயிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஒரு வரி மென்பொருள்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை.

தங்கள் சகோதரச் சட்டமான 52-ஆம் பிரிவு வேறு மாதிரி ஆள். தயாரித்தவர் கொடுத்த வடிவத்தில் கைவைக்கக் கூடாது என்பது அதன் கட்டளை. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். படித்ததும் எனக்கு எங்கள் சங்கரநாராயணர்தான் ஞாபகம் வந்தார். பாதி சிவன், பாதி பெருமாள், ஒரே திருமேனி. ஆடித்தபசுக்கு ஊரே அந்தக் காட்சிக்காகத்தான் காத்துக் கிடக்கிறது. நல்லவேளை, அவருக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை.

அந்தப் பிரிவு மூடிக்குள் கைவைக்காதே என்கிறது, ஆனால் புகையைக் கேட்பதில்லை. தாங்கள் புகையைக் கேட்கிறீர்கள், மூடியைத் திறப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் என்ஜினை மாற்றிய வண்டி என்றால் அதற்கென்று நடுவர் ஒருவரிடம் அனுப்புவார்களாம். அவர் மூடியைத் திறந்து, எந்தப் பாகத்துக்கு என்ன அனுமதி எண் என்று பார்த்து, புகையையும் அளந்து, சரியென்றால் வண்டியிலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுவார். அங்கே வேறு மாநிலத்து வண்டி வந்தாலும் பதிவுக்கு முன் சோதனை. அவ்வளவு எங்களுக்கு வேண்டாம். ஒரு டார்ச் லைட் போதும்.

கலிபோர்னியாவின் பெயரைச் சொல்லி எங்கள் ஊர்த் தம்பியைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம்; டெல்லியிலும் இதே கதைதான். டெல்லியின் வாகன மாசு பற்றிய கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2025 ஏப்ரலில் அங்கே சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. எல்லையைத் தாண்டிய அளவு திரையில் தெரிந்தும் தேர்ச்சி என்று சான்று பெற்ற வண்டிகள் 1.08 லட்சமாம். ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்று கொடுத்தது 7,643 தடவையாம். ஒரு குழாயை ஒரே நொடியில் இரண்டு வால்களில் செருகிய அந்தக் கைக்காரரைத் தேடிப் பிடித்து எங்கள் ஆடித்தபசுப் பொருட்காட்சிக்கு அனுப்பினால் மேடை போட்டுத் தருகிறோம்.

இனி நான் செய்த முட்டாள்தனம். மனசு கேட்காமல் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லித் தகட்டைக் கழற்றினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் போடத்தான் வருவாக, எடுக்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். வண்டியை அதே மையத்துக்கு, அதே தம்பியிடம் கொண்டுபோனேன். மிதித்தான். 58. தோல்வி.

"என்ன அண்ணாச்சி செஞ்சீய?" என்றான், வண்டியை நான் அடித்துவிட்ட மாதிரி.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கெட்டுப்போன வால்வைக் கழற்றி, கரியைச் சுரண்டி, அடங்காததால் கடைசியில் புதிதே வாங்கி மாட்டினேன். டெல்லியில் மிச்சம் பிடித்த பணம் வட்டியோடு போயிற்று. மூன்றாம் தடவை 41. தேர்ச்சி. திருட்டு வண்டியாக இருந்தபோது 14, யோக்கியமானபோது 41. சான்றிதழ் இரண்டிலும் ஒரே முத்திரை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. என் வண்டி பிறந்த அதே 2014-ல் எங்கள் பக்கம் பி.எஸ். 3 வண்டி விற்க முடிந்தது. பி.எஸ். 4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். பி.எஸ். 3 வண்டிகளுக்கு எல்லை 65. ஆக 58 என்று தோற்று நான் தலைகுனிந்து நின்ற அதே இடத்தில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பி.எஸ். 3 வண்டியில் 60 காட்டி, தேர்ச்சி பெற்று, எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியிருப்பதுதான் அவருக்கு வருத்தம். எனக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் என்பதைக் கேட்டு, "டெல்லி வண்டின்னா சும்மாவா" என்றார்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தகட்டை மாட்டியபோது அதற்குப் படிவம் இல்லை என்பது நியாயம். கழற்றியதைத் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், 14-லிருந்து 41-க்கு எப்படி ஏறியது என்று நாளைக்குக் கணினி என்னைக் கேட்கும்போது என்ன பதில் எழுத என்றாவது சொல்லுங்கள். சான்று இல்லாமல் ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை என்பது எனக்கு மனப்பாடம். அதைத் திருப்பி எழுத வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
வண்டிக்காரன், குருவிகுளம்.

இணைப்பு:
1. புகைச் சான்று நகல்கள் – இரண்டு (14, 41).
2. தோல்விச் சீட்டு – ஒன்று (58).
3. தகடு – ஒன்று, அசல். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். மெக்கானிக் கேட்கிறார், வேறொரு வண்டிக்கு அளவு எடுக்க வேண்டுமாம்.