ஓசி சவாரிக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை

பேருந்து நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தால், இறங்கும்போது கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நேரே நடந்துவிடுபவர்தான் நம்மவர். சமூகவியல் உதவிப் பேராசிரியர். ‘கூட்டுச் செயல்பாடும் சமூக மாற்றமும்’ என்று எந்த ஊரில் கருத்தரங்கு போட்டாலும் இரண்டாம் அமர்வில் அவர் பெயர் இருக்கும். பொருள், மான்கர் ஓல்சன்.

ஓல்சன் 1965-இல் ஒரு புத்தகம் எழுதி, கூட்டம் சேர்ந்தால் காரியம் நடக்கும் என்று நம்பியிருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். பலன் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் என்றால், அடுத்தவன் பாடுபடட்டும் என்று ஒவ்வொருவனும் ஓசியில் சவாரி செய்யத்தான் பார்ப்பான். கட்டாயப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பாடுபட்டவனுக்கு மட்டும் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும். நம்மவர் இதைப் படித்தாரோ இல்லையோ, கடைப்பிடிக்கிறார். கட்டுரையை எழுதியது அவரிடம் ஆய்வு செய்யும் பெண். முதல் பெயர் அவருடையது.

வாசிப்பு பத்து நிமிடம். முதல் ஐந்து, மேடையில் இருப்பவர்களை ‘அவர்களே’ போட்டு விளித்து முடிக்க. அடுத்தது மெரினா. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அங்கே கூட்டம் சேராமல் இருந்திருந்தால் நம் சமூகவியல் துறைகளில் கட்டுரைப் பஞ்சம் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. “தலைவரே இல்லாமல் கூடிய கூட்டம்!” என்று முழங்குவார். அமர்வுத் தலைவர் நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு அனுப்புவார். நம்மவர் அதை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்ததாக…” என்பார்.

ஒருமுறை பின்வரிசையில் இருந்து பச்சைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார். “ஏனுங்க, 1972-ல கரண்டு கட்டணத்துக்காகக் கோயமுத்தூருக்குள்ள மாட்டுவண்டிகளக் கொண்டாந்து நிறுத்துனமுங்களே, அப்ப எங்களுக்குத் தனியா யாருங்க என்ன குடுத்தாங்க?” ஓல்சன் உயிரோடு இருந்தால் அவரையே கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்க்க வைத்திருக்கும் கேள்வி அது. நம்மவர் அசரவில்லை. “அருமையான கேள்வி ஐயா. சாப்பாட்டு இடைவேளையில விரிவாப் பேசுவோம்.”

சாப்பாட்டு இடைவேளையில் அவர் எங்கே இருந்தார் என்பதை நான் பார்த்தேன். வரிசையின் நடுவில் நின்ற ஒரு துறைத்தலைவரிடம், “சார், உங்களத்தான் தேடிட்டு இருந்தேன்” என்று ஒட்டிக்கொண்டு, ஓல்சனைப் பற்றிப் பேசியபடியே அப்பளம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தார். பொதுச்சொத்தை ஊர் மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்றிக்கொள்வார்கள் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு வாங்கிய எலினார் ஓஸ்ட்ரோம் அம்மையார், இந்த வரிசையைப் பார்த்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார். பின்னால் நின்றவர்களுக்குப் பாயசம் எட்டவில்லை.

அன்று உண்மையான கூட்டுச் செயல்பாடு மாலையில்தான் நடந்தது. நிறைவு விழா முடிந்தால்தான் சான்றிதழ் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காலையிலிருந்து ஒரு கருத்தில்கூட ஒத்துப்போகாத மார்க்சியர்கள், பெண்ணியர்கள், பின்நவீனத்துவர்கள் எல்லாரும் ஒரே மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். முழக்கம் எழுந்தது. பேச்சுவார்த்தைக்கு ஆள் வேண்டுமே? நம்மவர் முன்னால் வந்தார். பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்க வேண்டிய தாள் ஆயிற்றே, ஓசியில் விட்டுவிட முடியுமா?

“தம்பி, எல்லாரும் வெளியூர்க்காரங்க. பஸ்ஸ விட்டா ராத்திரி எங்க தங்குறது?”

“விழா முடியட்டும் சார். ஹெச்ஓடி திட்டுவாரு.”

“அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ குடு.”

கால் மணி நேரத்தில் போராட்டம் வெற்றி. விழா மண்டபத்தில் சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் மட்டும் காத்திருந்தார்கள். நம்மவர் தன் சான்றிதழை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். பிறகு மேசைப் பையன் பக்கம் குனிந்தார்.

“தம்பி, கட்டுரை எழுதின பொண்ணு வரல. அதோட சர்டிஃபிகேட்டையும் என்கிட்டயே குடுத்துடு. ரெஜிஸ்டர்ல பாரு, ரெண்டு பேருக்கும் ஃபீஸ் அதுதான் கட்டியிருக்கு.”