கோட்டையைப் பிடி, கோட்டை விடாதே!

ராத்திரி பூரா மகன் போனுலயே கெடக்கான். கேட்டா, "கோட்டையப் பிடிக்கேன்"ங்கான். விட்டுரலாமா? (ஒரு தாய், வாசுதேவநல்லூர்)

பூலித்தேவர் கோட்டை காத்த ஊர்ப் பிள்ளை, தாயே! தாராளமாகப் பிடிக்கட்டும். தூக்கத்தையும் படிப்பையும் கோட்டை விடாமல் பிடிக்கட்டும்.

எது விளையாட்டு, எது நோய்? (ஒரு தந்தை, அதே ஊர்)

ஆடுகிறவர் போனைப் பிடித்திருக்கிறாரா, போன் அவரைப் பிடித்திருக்கிறதா?

மணிக்கணக்கு மட்டும் அளவுகோல் அல்ல. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாவது, கெடுதல் வந்தும் தொடர்வது: இவை ஏறக்குறைய ஓராண்டு நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

அப்போ வீடியோ கேமில் ஜெயிப்பது வீணா? (ஒரு மாணவர், அதே ஊர்)

வீணுக்கா ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023இல் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்?

தோற்றதும் சிரித்தபடி சாப்பிட வருகிறவர் வீரர். தோற்ற ஆத்திரத்தில் 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று விடிய விடிய உட்காருகிறவருக்குத் தேவை திட்டு அல்ல, துணை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதுபோன்ற போன், ஆட்டப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கூச்சப்படாமல் உதவி கேளுங்கள். அதுவும் ஒரு வெற்றிதான்.