ரேம் கங்காணி

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே உள்ள செமோரிலும் அதைச் சூழ்ந்த, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலும் வாழும் மனித வகைகளுள், ஆய்வாளர் கண்ணுக்கு இதுவரை தப்பிவிட்ட ஒன்று உண்டு. வசதிக்காக அதற்கு ரேம் கங்காணி என்று பெயர் சூட்டலாம். ரேம் என்பது, கணினி அப்போதைக்குச் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டிய தரவுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். கங்காணி என்பவர், தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் திரட்டி மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து, விடியுமுன் பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்கு நிறுத்தி, அவர்களைப் பால்மரக் காட்டுக்குள் விரட்டிய மேற்பார்வையாளர். 1938இல் இந்திய அரசு அந்தக் குடியேற்றத்தைத் தடுத்த பிறகு ஆள்கட்டும் கங்காணிகளின் காலம் முடிந்தது எனச் சரித்திர நூல்கள் கூறும். விரட்டும் கலை அவர்களோடு முடிந்துவிடவில்லை என்பதை ரேம் கங்காணியைக் கண்டவர் அறிவர்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்ட இந்நாளில், தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். நாற்பதை ஒட்டிய வயது, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மோட்டார்சைக்கிள் சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு பென்டிரைவ் ஆகியவை இவரை அடையாளம் காட்டும். கணினித் துறையில் இவர் எதையும் முறையாகப் படித்ததில்லை. ஆயினும் ஈப்போவின் யிக் ஃபூங் வணிக வளாகத்தில் கடை கடையாக நின்று கேட்ட செய்திகளும், கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்த காணொளிகளும் சேர்ந்து, எந்தப் பட்டமும் தர இயலாத தன்னம்பிக்கையை இவருக்குத் தந்துள்ளன. பெரியவர்கள் தம்பி என்றும் சிறியவர்கள் அண்ணே என்றும் இவரை அழைப்பர். இவர் கூலி கேட்பதில்லை. ஒரு தே தாரிக்கும் இரண்டு வடையும் கூலியாகா, மரியாதையாகும் என்பது இவர் கொள்கை.

இவரது செயல்முறை மாறாத சடங்கு ஒன்றின் ஒழுங்குடையது. “தம்பி, ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா” என்று வீட்டுக்கார அம்மா முறையிட்டதும், இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, எந்தெந்த நிரல் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பதைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சற்று நேரம் பேசாதிருப்பார். அந்த மௌனத்தில் அடுப்படியிலிருந்த மருமகளும் வந்து நின்றுவிடுவாள். “எழுபத்தெட்டு பர்சன்ட் புடிச்சி வெச்சிருக்கு அக்கா. மெஷின் எப்படி ஓடும்?” என்று இவர் கேட்கும்போது, அந்த எழுபத்தெட்டுக்குத் தாங்களே பொறுப்பு என்பதுபோல் வீட்டார் தலைகுனிவர். பிறகு பென்டிரைவ் செருகப்படும்; நினைவகத்தைச் சீராக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மென்பொருள் நிறுவப்படும்; அதன் நடுவிலுள்ள பெரிய வட்டப் பொத்தான் அழுத்தப்படும். முள் ஒன்று கிறுகிறுவெனச் சுழன்று 78இலிருந்து 41க்கு இறங்கி நிற்க, “பாத்தீங்களா?” என்று இவர் திரும்பிப் பார்ப்பார். அனைவரும் பார்த்திருப்பர். அம்மா உடனே உலாவியைத் திறக்க, அது முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகவே தாமதித்துத் திறக்கும். “இப்பதான கிளீன் பண்ணிருக்கு, செட்டாவ கொஞ்ச நேரம் புடிக்கும்” என்னும் விளக்கமும் தே தாரிக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மேசைக்கு வந்து சேரும்.

அந்த வட்டப் பொத்தானுக்குப் பின்னே நடப்பதை அறிந்தால் சடங்கின் சுவை இன்னும் கூடும். இத்தகைய மென்பொருள்களுள் ஒரு சாரார், தமக்குத் தேவையே இல்லாத பெரும் நினைவகப் பரப்பு ஒன்றை இயங்குதளத்திடம் கேட்பர். அதாவது, நிரல்கள் அனைத்துக்கும் இடம் பங்கிடும் அடிப்படை மென்பொருளான விண்டோஸிடம் கேட்பர். மறுக்கத் தெரியாத இயங்குதளம் பிற நிரல்கள் வைத்திருந்தவற்றை வட்டுக்குத் தள்ளியும், மீண்டும் பயன்படும் என்று சேமித்து வைத்திருந்த கோப்புகளைக் கைவிட்டும் அந்த இடத்தைக் காலிசெய்து கொடுக்கும்; கேட்டவர் வாங்கிய கையோடு அதைத் திருப்பித் தந்துவிட, காலியிடம் அமோகமாகப் பெருகிவிட்டதாக முள் காட்டும். மற்றொரு சாரார் இத்தனை நாடகமும் வேண்டாமென, எல்லா நிரல்களையும் தத்தம் இடத்தைச் சுருக்கிக்கொள்ளும்படி இயங்குதளத்தின் வாயிலாகவே ஆணையிட்டுவிடுவர். இரண்டிலும் முடிவு ஒன்றே. வெளியேற்றப்பட்ட தரவு அடுத்த நிமிடமே தேவைப்படும்போது, அதை வட்டிலிருந்து திரும்ப எடுத்து வர வேண்டும். நினைவகத்தைத் தொட்டு எடுக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு ஆகுமென்றால், சுழலும் வன்வட்டில் தேடி எடுக்க நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். அதாவது சுமார் ஒரு லட்சம் மடங்கு தாமதம். முள் இறங்கியதும் உலாவி தயங்கியதற்குக் காரணம் இதுவே.

இதற்கும் மேலாக, காலியாகக் கிடக்கும் நினைவகம் சேமிப்பாகாது, வீணாகும். 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, சூப்பர்ஃபெட்ச் என்னும் ஏற்பாட்டின் மூலம், பயனர் அடிக்கடி திறக்கும் நிரல்களை அவர் கேட்குமுன்னரே காலி நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கத் தொடங்கியது. அவ்வாறு வைத்தவை வேறொரு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் அக்கணமே விட்டுக்கொடுக்கப்படும்; தேவைப்படாவிட்டால் பயனருக்கே உதவும். இவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்ததைத்தான் ரேம் கங்காணி, சும்மா உட்கார்ந்திருக்கும் சோம்பேறிகள் எனக் கருதி விரட்டியடிக்கிறார்.

இவ்வட்டாரத்தார்க்கு இதைத் தோட்டத்து வழக்கைக்கொண்டே விளக்கிவிடலாம். பால் வெட்டி முடித்துக் கொட்டகைக்கு வந்தவர், வாளியில் ஒரு செம்பு தண்ணீரைச் சேர்த்தால் வாளி நிறையும், ரப்பர் கூடாது. இதனால்தான் கிராணி எனப்பட்ட தோட்டக் கணக்கர் வாளியின் நிறைவைப் பார்த்துக் கணக்கெழுதியதில்லை. பாலில் ரப்பர்ச் சத்து எவ்வளவு என்பதைக் காட்டும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்த ரப்பரின் எடைக்கே கூலி போட்டார். நினைவகத்தின் காலியிடத்தைக் காட்டும் முள் வாளியை அளக்கிறது. வீட்டாருக்கு வேண்டியதோ ரப்பர், அதாவது நிரல் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்னும் கணக்கு. செமோர் வட்டாரத்தின் இன்றைய குறை யாதெனில், வீட்டுக்கு வீடு கங்காணி கிடைக்கிறார். கிராணி ஒருவரும் கிடைப்பதில்லை.

இக்குறை செமோருக்கு மட்டும் உரியதன்று. 1995இல், ஒரு மெகாபைட் நினைவகம் 30 டாலர் அளவில் விற்ற காலத்தில், கலிபோர்னியாவின் சின்க்ரோனிஸ் நிறுவனம் சாஃப்ட்ரேம்95 என்னும் மென்பொருளை வெளியிட்டு, அதை நிறுவினால் நினைவகம் இரட்டிப்பாகும் என்றது; ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தபோது, தரவைச் சுருக்கி இடம் பெருக்குவதாகச் சொன்ன அந்த மென்பொருள் விண்டோஸ் 95இல் எதையும் சுருக்கவில்லை என்பதும், திரையில் தோன்றிய எண்ணைப் பெருக்கியதே அதன் தலையாய சாதனை என்பதும் வெளிப்பட்டன. 1996இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் தலையிட்டது. 1998இல் நிறுவனம் திவாலாயிற்று. சாஃப்ட்ரேமை அன்று பிரித்துப் பார்த்தவர்களுள் ஒருவரும், விண்டோஸின் உள்ளமைப்பை நுணுகி அறிந்தவருமான மார்க் ரஸ்ஸினோவிச், நினைவகச் சீராக்கிகள் பயனற்றவை மட்டுமல்ல, வேகத்தைக் குறைப்பவையும்கூட என 2004இல் ஒரு கட்டுரையில் விரிவாக நிறுவினார். அக்கட்டுரை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வலம் வரவில்லை.

ரேம் கங்காணியின் பொற்காலம் எனத் தக்கது 2010ஐ அடுத்த சில ஆண்டுகளாகும். வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அரசு 1மலேசியா நெட்புக் எனப்பட்ட சிறு மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கிய காலம் அது. அந்நாளைய நெட்புக்குகள் பெரும்பாலும் 1 ஜிகாபைட் நினைவகத்துடனேயே வந்தன. அவற்றில் பரவலாக இடம்பெற்ற விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்போ 2 ஜிகாபைட்டுக்கு மேல் கொடுத்தாலும் ஏற்காது. நோய் உண்மையானது, நினைவகம் மெய்யாகவே போதவில்லை. விரல் நீள அட்டை ஒன்றைக் கூடுதலாகவோ மாற்றியோ செருகுவதே மருந்து. ஆனால் அட்டைக்குக் காசு வேண்டும்; பென்டிரைவில் இருந்த மென்பொருளுக்கு வேண்டியதில்லை. எனவே தாமான் தாமானாக வட்டப் பொத்தான்கள் அழுத்தப்பட்டன. ஏற்கெனவே நினைவகம் போதாத கணினியில், எந்நேரமும் பின்னணியில் விழித்திருக்கும் சீராக்கியும் ஒரு பங்கு நினைவகத்தைப் பிடித்துக்கொண்டது.

விரட்டுதலால் விளையும் சேதத்துக்குத் தமிழாசிரியை ஒருவரின் மடிக்கணினி தக்க சான்றாகும். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல், விசைப்பலகையில் தட்டுவதைத் தமிழ் எழுத்தாக்கித் தரும் மென்பொருள். அது ஆரவாரமின்றித் திரையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும். ஆரவாரமின்றி அமர்ந்திருக்கும் எதையும் ரேம் கங்காணி நம்புவதில்லை. “இது எதுக்கு டீச்சர் சும்மா ஓடிக்கிட்டு?” என்று கேட்டவர், விடையை எதிர்பாராமல் அதை மூடி, கணினி தொடங்கும்போது தானே எழாதவாறும் செய்துவிட்டுப் போனார். மறுநாள் பருவத்தேர்வு வினாத்தாளைத் தட்டச்சு செய்ய அமர்ந்த ஆசிரியை, ‘அம்மா’ என்று அடிக்க முயன்ற இடத்தில் ரோமன் எழுத்துகள் வரிசைகட்டி நின்றன. தொலைபேசியில் அழைத்தபோது, “வைரஸா இருக்கும் டீச்சர், சாயந்திரம் வந்து இன்னொரு தடவ கிளீன் பண்ணிடறேன்” என்னும் ஆறுதல் கிடைத்தது.

கைப்பேசி வந்தபின் இவரது ஆட்சி எல்லை விரிந்ததேயன்றிச் சுருங்கவில்லை. ஆண்ட்ராய்டு இயங்குதளம் நினைவகம் போதாதபோது பயன்படாத செயலிகளைத் தானே மூடிக்கொள்ளும். அவற்றை முன்கூட்டியே மூடினால், மறுபடி அடிமுதல் தொடங்க வேண்டியிருப்பதால் நேரமும் மின்கலமும் கூடுதலாகச் செலவாகும். எனினும் கிளீன் மாஸ்டர் போன்ற செயலிகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் பதிவிறக்கப்பட்டன. விளம்பரங்களைக் கண்டபடி காட்டும் செயலிகள்மீது 2020இல் கூகுள் நடவடிக்கை எடுத்தபோது, கிளீன் மாஸ்டரை உருவாக்கிய நிறுவனத்தின் செயலிகளும் அதன் கடையிலிருந்து நீக்கப்பட்டன. ரேம் கங்காணியின் விளக்கம் வேறு: “நல்லா வேல செஞ்சா விட்டு வைப்பானுங்களா?” பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பிசி மேனேஜர் என்னும் மென்பொருளை வெளியிட்டு, அதில் நினைவகத்தை விடுவிக்கும் பொத்தான் ஒன்றையும் வைத்தபோது இவர் அடைந்த பெருமிதம் கோயில் கமிட்டித் தலைவராகத் தேர்வானவர்க்கும் கிட்டாதது. முள் இறங்குவதைக் காண விரும்பும் மக்கள் உள்ளவரை, முள்ளை விற்பவர் எந்நாட்டிலும் இருப்பர் என்பதற்குமேல் அப்பொத்தான் எதையும் மெய்ப்பிக்கவில்லை.

இவரிடம் நன்மையே இல்லை என்பதும் நேர்மையாகாது. பொத்தானை அழுத்துமுன் வழக்கமாக இவர் செய்யும் இரண்டு செயல்கள் உண்மையில் பலன் தருவன. ஒன்று, கணினியை அணைத்து மீண்டும் தொடங்குவது. எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் நாள்தோறும் வீங்கும் குறைபாடுள்ள நிரல்களுக்கு இதுவே மருந்து. மற்றொன்று, கணினியோடு சேர்ந்து எழும் தேவையற்ற நிரல்களை நிறுத்துவது. முரசு அஞ்சல் போன்ற அப்பாவிகள் அகப்படாதவரை இதுவும் நல்லதே. ஆயினும் இவ்விரண்டையும் இவர் முன்னேற்பாடுகளாகவே கருதுவார். கிடைத்த வேகம் முழுவதையும் வட்டப் பொத்தானின் கணக்கிலேயே வரவு வைப்பார். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், அழைத்த மாலையே வந்து, அரைமணி நேரம் அமர்ந்து, “சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்டுப் போகும் ஒருவரை நொடிக் கணக்கு பார்த்து அளப்பார் எவருமில்லை என்பதும் கருதத்தக்கது.

ஆனாலும் கிராணியின் பணியை எவரும் மேற்கொள்ளலாம். பொத்தானை அழுத்துமுன் உலாவி திறக்க ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அழுத்திய பின் மீண்டும் குறித்தால் போதும். நினைவகம் நாள் முழுதும் நிரம்பி வழிந்தால் அட்டை வாங்கவும், பழைய வன்வட்டே தடையென்றால் சுழலும் பாகமற்ற எஸ்எஸ்டி வட்டுக்கு மாறவும் அக்கணக்கு வழிகாட்டும். இத்தகைய கடிகாரச் சோதனை ஒன்றை மேற்கொண்ட பல்கலைக்கழக மாணவி, அழுத்திய பின் நான்கு நொடி கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டியபோது, “கடிகாரத்துல பேட்டரி வீக்கா இருக்கும்மா” என்று இவர் பரிவோடு கூறினார்.

இறுதியாக, இவ்வகையினரின் சொந்தக் கணினி பற்றிய குறிப்பு ஒன்றும் இந்த ஆய்வுக்குத் தேவையாகிறது. அதில் யிக் ஃபூங்கில் பேரம் பேசி வாங்கிய 16 ஜிகாபைட் நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் பொருத்தப்பட்டுள்ளன; சீராக்கி மென்பொருள் எதுவும் நிறுவப்படவில்லை. காரணம் வினவியபோது கிடைத்த விடை: “அதுக்கு எதுக்குங்க? அது ஏற்கெனவே ஸ்பீடாத்தான இருக்கு.”