நூற்றுக்குப் பதினேழு

மான்செஸ்டர் பக்கம் போனால், ஐம்பத்தைந்தைத் தாண்டிய, முடி கொட்டிய, வருமானம் கொட்டுவதில் குறையில்லாத மனிதர் எவரிடமும் 'ஹாசியெண்டா' என்ற பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் கையைப் பிடித்துக் கூடத்துச் சுவருக்கு அழைத்துப் போய்விடுவார்.

சுவரில் கனத்த பருத்திக் காகிதம். அதில் மஞ்சள், கறுப்புப் பட்டைகள். 1982இல் திறந்த அந்த நடன கிளப்பின் தூண்களுக்கு, தொழிற்சாலை எச்சரிக்கைக் கோடுகளை நினைத்து வடிவமைப்பாளர் பென் கெல்லி அமைத்த கோலம். கீழே இடப்பக்கம் பென்சிலில் 17/100, அதாவது நூறு அச்சுப் படிகளில் பதினேழாவது. வலப்பக்கம் கையெழுத்து. நம் வீட்டில் நூற்றுக்குப் பதினேழு வாங்கினால் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். இவருக்கு ஓவியரே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சிறிய எண்ணுக்கு மவுசு அதிகம் என்பது இவர் சித்தாந்தம். ஸ்கிரீன் பிரிண்டில் தாள்கள் காய்ந்து அடுக்கிய பிறகு கைக்கு வந்த வரிசையில்தான் பெரும்பாலும் எண் விழும். முதலில் அச்சானது ஒன்றாம் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னால் டீ வராது. மஞ்சளில் நூறும் விற்றுத் தீர்ந்ததும் ரோஜா நிறத்தில் இன்னொரு நூறு வந்தது. 'லிமிடெட்' என்பது காகிதத்துக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை போலும். அதிலும் ஒன்று வாங்கியிருக்கிறார்.

அடுத்த சட்டகத்தில் 1989ஆம் ஆண்டு 'ரேவ்' எனும் இரவு நடனக் கூட்டத்தின் நோட்டீஸ் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக. லண்டனைச் சுற்றும் எம்25 சாலையோரத்து வயல்களில் ஆட்டம் நடந்த காலம். நோட்டீஸில் இடம் இருக்காது. தொலைபேசி எண் இருக்கும். அன்றிரவு பூத்திலிருந்து கூப்பிட்டால்தான் எந்த வயல் என்று தெரியும். விடிந்ததும் சேற்றில் கிடந்த அந்தக் காகிதம் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. வெயில் பட்டால் இவர் சட்டகத்துப் படத்தின் சாயம் போய்விடுமாம். 'சன்ரைஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடிய கூட்டத்தின் படத்துக்காகக் காலையிலேயே திரையை இழுத்து மூடுகிறார்.

இந்த ஆட்டங்களை அடக்க 1994இல் பிரிட்டன் சட்டம் போட்டது. திறந்தவெளியில் இரவில் ஒலிபெருக்கி வைத்து நூறு பேர் கூடினால் போலீஸ் கலைக்கலாம் என்றது அன்றைய சட்டம். திரும்பத் திரும்ப வரும் தாளம் என்று இசைக்கே இலக்கணமும் எழுதிவைத்தார்கள். அன்று நூறு பேர் சேர்ந்தால் தொல்லை. இன்று நூறு படிக்கு மேல் போனால் மதிப்பில்லை. ஹாசியெண்டாவும் ஓடிய காலத்தில் பெரும்பாலும் நஷ்டத்தில் ஓடி, 1997இல் மூடி, இடிபட்டு, அதே பெயரில் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. செத்த பிறகுதான் சம்பாதிக்கிறது.

"நீங்கள் அங்கே ஆடியிருக்கிறீர்களா?" என்று கேட்டால், "நாங்கள் எல்லோரும் ஆடினோம்" என்பார். பன்மையைக் கவனிக்க வேண்டும். உண்மையில் ஆடியவர் அவர் மனைவி. 1988 கோடையில், புதன்கிழமை 'ஹாட்' இரவுகளில். நடனத்தளத்தின் ஓரம் சின்ன நீச்சல் தொட்டியே வைத்திருந்தார்கள். இவர் அப்போது லீட்ஸில் கணக்குத் தணிக்கைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அம்மாளிடம் அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றுகூட இல்லை. செருப்பு நனைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தத் தொட்டியே படமாக வெளியாகிறது. நீலம், பச்சை, ஊதா, நிறத்துக்கு நூறு. ஐயா ஒன்பதரைக்கே இரண்டு கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே குரல் கொடுக்கிறார்:

"தண்ணீர் என்ன நிறம் இருந்தது?"

"அழுக்கு நிறம்."

அந்த நிறத்தில் போடவில்லை. நீலத்தை வாங்கிவிட்டார்.